அம்மாவுக்குத் தெரியாமல் அரை பைண்ட்

போன ஆண்டு செப்டம்பரில், என்னுடைய 66வது வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பப்புக்குள் காலெடுத்து வைத்தேன்.

செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் மதுக்கூடங்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் செம்பவாங் ரோட்டில் மாலுமிகளை நம்பியே பல கடைகள் நடந்தன. பள்ளி விட்டு வரும்போது அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். ஆசிரியராகி, ஓய்வு பெற்று, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அந்தச் சட்டத்தை நான் மீறவில்லை. மீறவைத்தவன் என் மகன்.

அவனுக்கு இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரத்தில் வேலை. அந்த ஊரின் பெயர் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். செம்பவாங் கப்பல்தளத்தில் அப்பாவுக்கு மேலே இருந்த ஒரு வெள்ளைக்காரர் அந்த ஊர்க்காரர். "எங்க ஊர்லயும் இதே மாதிரி கப்பல்பட்டறை இருக்கு, ஆனா வெயில்தான் இல்ல" என்று சொல்வாராம். அப்பா கப்பல் உடம்பில் துரு தட்டும் வேலை பார்த்தவர். 1938 பிப்ரவரி 14ஆம் தேதி திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்தளத்தில் நாள் முழுக்கச் சுத்தியலோடு தொங்கிவிட்டு வருவார். அந்த உலர்தளம் ஏறக்குறைய 1000 அடி நீளம். வீட்டுக்கு வந்தாலும் சுத்தியல் சத்தம் காதைவிட்டுப் போகாது என்பார். நாங்கள் பேசுவது பாதி அவருக்குக் கேட்காது.

போர்ட்ஸ்மத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூறல். நெல்சன் தளபதியின் 'விக்டரி' கப்பலைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். "ம்மா, கால் வலிக்குதுன்னீங்கல்ல, இங்க உட்காரலாம்" என்று மகன் ஒரு தெருமுனைக் கதவைத் தள்ளினான். வெளியே தொங்கிய பலகையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "பப்பாடா இது? பாட்டிக்குத் தெரிஞ்சா என்னாகும்?" என்றேன். "பாட்டி 10,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்காங்க" என்றான்.

உள்ளே போனதும் நான் எதிர்பார்த்த எதுவும் அங்கே இல்லை. காது கிழியும் பாட்டு இல்லை. தள்ளாடுகிறவர் யாரும் இல்லை. ஒரு மூலையில் என் வயதுப் பெண்கள் இருவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஈர நாய் ஒன்று படுத்திருந்தது. நம் காப்பிக்கடையில் காலை 10 மணிக்கு ஓய்வு பெற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் காட்சிதான். காப்பிக் கோப்பைக்குப் பதிலாகக் கையில் கண்ணாடிக் குவளை.

கடையை நடத்துபவர் 50 வயது மதிக்கத்தக்க பெண்மணி. என் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா? அப்போ அரை பைண்ட் போதும்" என்றார். முழு பைண்ட் என்றால் 568 மில்லி லிட்டர். அதில் பாதி 284. குவளையில் அளவுக்கான அரசாங்க முத்திரை இருந்தது. அளவு குறைந்தால் கேட்கிற உரிமை குடிக்கிறவருக்கு உண்டு.

அவர் குழாயைத் திருகவில்லை. நீளமான மரக்கைப்பிடி ஒன்றைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தார். கிணற்றுப் பம்பு அடிப்பது போல இரண்டு மூன்று இழுப்பு. பழுப்பு நிறத்தில் பானம் மெல்ல ஏறியது. அதன் பெயர் 'ரியல் ஏல்'. நம் ஊரில் கிடைக்கும் பீருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று, வகுப்பில் கேள்வி கேட்டே பழகிய வாய், கேட்டுவிட்டேன். கூட்டமும் அதிகமில்லை. "வாங்க, காட்டறேன்" என்று எங்களைக் கீழே நிலவறைக்கே கூட்டிப்போய்விட்டார்.

படி இறங்கும்போதே குளிர்ந்தது. சுமார் 12 டிகிரி. வருடம் முழுக்க அந்தச் சூட்டில்தான் அறையை வைத்திருக்க வேண்டுமாம். மரச்சட்டங்களின் மேல் பீப்பாய்கள் படுத்திருந்தன. ஒரு பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும், ஏறக்குறைய 41 லிட்டர்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து எடுத்த சாற்றில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள். இதுவரை எல்லா பீருக்கும் பொது. நம் கடைகளில் விற்கும் பீரில் அதன்பிறகு ஈஸ்டை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் சூடுகாட்டிக் கிருமியைக் கொல்வதும் உண்டு. பிறகு வாயு ஏற்றி அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ரியல் ஏலில் ஈஸ்டை உயிரோடு விட்டே பீப்பாயில் அடைக்கிறார்கள். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது உள்ளே புளித்துக்கொண்டே இருக்கிறது. மேலே இருக்கும் துளையில் சின்ன மர ஆப்பு ஒன்றைச் செருகி, அது எவ்வளவு மூச்சு விடுகிறது என்று பார்க்க வேண்டும். மென்மையான ஆப்பு செருகினால் வாயு வெளியேறும். கெட்டியான ஆப்பு செருகினால் உள்ளேயே நிற்கும். எப்போது எதைச் செருகுவது என்பதுதான் கடைக்காரரின் கைப்பக்குவம். பானம் தெளிய, மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்ப்பதும் பழைய வழக்கம். அது கசடை இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும்.

"பீப்பாயைத் திறந்துட்டா 3 நாள்தான். அதுக்குள்ள தெருக்காரங்க வந்து குடிச்சு முடிக்கணும். இல்லைன்னா புளிச்சுப் போயிடும், கொட்டணும்" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு மூக்கில் ஏதோ தட்டியது. ஈர மரம், ஈஸ்ட், லேசான புளிப்பு. 50 ஆண்டுகளுக்கு மேலாக நான் மறந்திருந்த வாசனை. எங்கள் வீட்டு அடுப்படியில் சனிக்கிழமை இரவு இருந்த வாசனை அது.

சொல்லத்தான் வேண்டும். என் அப்பா கள் குடிப்பவர்.

நாங்கள் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். பக்கத்து வீடு மலையாளிக் குடும்பம். கடற்படைத் தளத்தில் அப்போது தமிழர்களைப் போலவே மலையாளிகளும் நிறைய. அந்த வீட்டுச் சேச்சிதான் அம்மாவுக்கு ஆப்பம் சுடக் கற்றுக்கொடுத்தார். மாவு பொங்கிவரக் கொஞ்சம் கள் ஊற்ற வேண்டும். அதற்காக அம்மா சனிக்கிழமைதோறும் அப்பா கையில் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தனுப்புவார். அப்பா வேலை முடிந்து கள்ளுக்கடைக்குப் போய்விட்டு, போத்தலை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். போத்தல் நிறைந்து வந்தால் ஞாயிறு காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். காலியாக வந்தால் ஆப்பம் இல்லை. அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வாசலில் நின்று அப்பாவின் சைக்கிள் கூடையில் போத்தல் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்பது என் வேலை.

1967ல், எனக்கு 9 வயது. சம்பள நாள். இருட்டியும் அப்பா வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல். அம்மா என்னிடம், "நீ போய்க் கூட்டிட்டு வா. உள்ளே போகாதே, வேலிக்கு வெளியே நின்னு கூப்பிடு" என்றார். போனேன். அன்று பார்த்த கள்ளுக்கடை இன்றும் கண்ணில் இருக்கிறது. தகரக் கூரை. கம்பி வலை. உட்கார ஒரு பலகைகூட இல்லை. ஆண்கள் நின்றுகொண்டும், தரையில் குந்திக்கொண்டும் குடித்தார்கள். கடை மூடும் நேரம் நெருங்க நெருங்க வேகமாகக் குடித்தார்கள். நான் கூப்பிடவில்லை. குரல் வரவில்லை. அப்பாதான் என்னைப் பார்த்தார். கையிலிருந்த குவளையை அப்படியே மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று போத்தல் காலி.

இவ்வளவும் அந்த நிலவறையில் நினைவுக்கு வந்தது. மேலே வந்து என் அரை பைண்டில் பாதியைக் குடித்தேன். கசப்பு. பிறகு ஒரு ரொட்டி வாசனை. மீதியை மகன் முடித்தான். குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தக் குவளையைவிட அது வைக்கப்பட்டிருந்த மேசை மேல்தான் கண். அந்தத் தாத்தா, அந்த நாய், அந்தச் சூப்.

யோசித்துப் பாருங்கள். தென்னம்பாளையைக் கட்டி, நுனியைச் சீவி, கலயத்தைத் தொங்கவிட்டால் இனிப்பாக இறங்குகிற பதநீர், கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்டினால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிறது. மறுநாளைக்கு மேல் வைத்தால் காடிதான். ஏலைப் போலவே அதுவும் உயிருள்ள பானம். கப்பலேற்றி அனுப்ப முடியாது, கிடங்கில் அடுக்க முடியாது. மரமும் குடிக்கிறவனும் ஒரே வட்டாரத்தில் இருக்க வேண்டும். போதையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் சாராயச் சத்து 100க்கு 4, 5 பங்கு இருக்கும்.

அப்படியானால் அது அங்கே ஊரின் பெருமையாகவும், இது இங்கே வீட்டின் அவமானமாகவும் ஆனது எப்படி?

அங்கேயும் குடி குடும்பங்களை அழித்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜின் என்ற மலிவான கடும் மது ஏழைகளை வாரிக்கொண்டு போனது. 1751ல் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் இரண்டு படங்கள் வெளியிட்டார். ஒன்று 'பீர் தெரு', மற்றது 'ஜின் சந்து'. பீர் தெருவில் மக்கள் கொழுகொழுவென்று வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஜின் சந்தில் போதையில் கிடக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும். அதே ஆண்டில் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

பிறகு முதல் உலகப் போர். கார்லைல் நகரத்துக்கு அருகே கிரெட்னாவில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள், கையில் சம்பளம், மாலையில் குடி. 1916ல் அரசாங்கம் அந்த வட்டாரத்தின் பப்புகளையும் மது ஆலைகளையும் தானே வாங்கி நடத்தத் தொடங்கியது. கடை நிர்வாகிக்கு மது விற்றால் கமிஷன் கிடையாது. அதனால் கூடுதலாகக் குடிக்கவைக்க அவருக்குக் காரணமும் கிடையாது. நாற்காலி போட்டார்கள், சமைத்த உணவு விற்றார்கள், பெண்களும் வந்து உட்காரும்படி அறைகளை மாற்றினார்கள். 1973 வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

நம் பக்கமும் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. மலாயாத் தோட்டங்களில் நிர்வாகமே நடத்தியது. ஆனால் இங்கே எண்ணம் வேறு. கள்ளுக்கடை இருந்தால் கூலியாள் ஊரைவிட்டுப் போகமாட்டான், கொடுத்த கூலியில் ஒரு பகுதி திரும்பியும் வந்துவிடும். அதனால்தான் நம் முன்னோர் கள்ளுக்கடையைப் பகையாகப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் 1932ல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் கள்ளுக்கு எதிராகக் குரல் கொடுத்தது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. வெள்ளைக்கார நிர்வாகி எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையும் அதே பட்டியலில்தான் இருந்தது. சம்பளத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் சேர்த்து அவர்கள் கேட்டது மரியாதை.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து அடிபட்டார்கள். அவர்களைப் பற்றி இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பப்பின் சுவரில் ஒரு பழைய கண்ணாடிச் சன்னல் இருந்தது. அதில் 'ஜக் அண்ட் பாட்டில்' என்று எழுத்து பொறித்திருந்தது. என்ன என்று கேட்டேன். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கான தனிச் சன்னலாம். ஜாடியோடு பிள்ளைகளைக்கூட அனுப்புவார்களாம். போகிற வழியில் பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிடுகிறார்கள் என்று 1901ல் சட்டம் போட்டு, 14 வயதுக்குட்பட்டவர்களிடம் மூடி முத்திரையிட்ட போத்தலில்தான் கொடுக்கலாம் என்றார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தொண்டையும் அடைத்தது. எங்கள் வீட்டுப் போத்தலுக்கும் ஒரு சன்னல் இருந்திருந்தால், அந்தக் கம்பி வலைக்கு வெளியே நான் நின்றிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மகன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான். 1960களில் பெரிய நிறுவனங்கள் ஏலை ஒழித்துவிட்டு எல்லா இடத்திலும் வாயு ஏற்றிய, கெடாத பீரையே விற்கத் தொடங்கின. அதை எதிர்த்து நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த இடத்தில் பேசி முடிவெடுத்தார்களாம். ஆண்டு 1971. அதே 1971ல்தான் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பின. வெள்ளைக்காரத் துரைகள் செம்பவாங்கில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஊரில் தெருமுனைப் பானத்தைக் காப்பாற்ற ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். அதனால்தான் 53 ஆண்டு கழித்து அந்த நிலவறையில் பீப்பாய் இருக்கிறது.

நம் கள்ளைக் காப்பாற்ற யாரும் கிளம்பவில்லை. கிளம்பியிருக்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவைப் பார்த்த பிறகு சொல்லவே முடியாது.

ஊர் திரும்பினேன். அம்மாவுக்கு 86 வயது. செம்பவாங்கில் என்னோடுதான் இருக்கிறார். இரண்டு நாள் மறைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் பசியாறும்போது சொல்லிவிட்டேன்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "நீ குடிச்சியா?"

"கொஞ்சம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க பொம்பளைங்க வந்து உட்கார்றாங்களா?" என்றார்.

"ஆமாம்மா. சூப் குடிக்கிறாங்க. கதை பேசறாங்க. ஒருத்தர் நாயைக்கூடக் கூட்டிட்டு வந்திருந்தாரு. அது பாட்டுக்கு மேசைக்கு அடியில படுத்திருந்துச்சு."

"நாய்க்குக்கூட இடம் இருக்கு" என்றார் அம்மா.

வேறொன்றும் சொல்லவில்லை. கள்ளுக்கடைகள் மூடியதைப் பற்றி நானே கேட்டேன். 1970களின் கடைசியில் சிங்கப்பூரின் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அப்பா கடற்படைத் தளம் கைமாறிய பிறகு அதே இடத்தில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தார்.

"மூடறாங்கன்னு கேள்விப்பட்டதும் கோயில்ல தேங்காய் உடைச்சேன்" என்றார் அம்மா. "என் தலையெழுத்து மாறிடுச்சுன்னு நினைச்சேன். மூணு மாசம்கூட ஆகல. சம்சு போத்தல் வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு."

சம்சு என்றால் இளையவர்களுக்குத் தெரியாது. அரிசியிலும் மற்றவற்றிலும் காய்ச்சி வடிக்கும் மலிவான சாராயம். சின்னப் போத்தல், கள்ளைப்போலப் பல மடங்கு கடுமை. அதற்குக் கெட்டுப்போகும் தேதி கிடையாது, கடை மூடும் நேரமும் கிடையாது. அலமாரியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கும். அப்பா கள்ளைக் கூட்டத்தோடு குடித்தார், சம்சுவைத் தனியாகக் குடித்தார். 1987ல் போய்விட்டார். ஈரல் என்றார்கள். ஹோகார்த்தின் இரண்டு படங்களைப் பார்த்தபோது எனக்குப் பீர் தெருவும் ஜின் சந்தும் தெரியவில்லை. எங்கள் பழைய குடியிருப்பும், பிறகு குடிபோன மூவறை வீடும்தான் தெரிந்தன.

கள்ளுக்கடையை மூடியது தப்பு என்று அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் அதற்காக அழமாட்டார்கள். ஆனால் மூடியவர்களும், மூடச் சொல்லிப் போராடியவர்களும், தேங்காய் உடைத்தவர்களும் ஒன்றை யோசிக்கவில்லை. நாள் முழுக்கத் துரு தட்டிவிட்டு வருகிறவன் சாயங்காலம் எங்கே போய் உட்காருவான்?

இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8ஆம் தேதிக் கலவரத்துக்குப் பிறகு, 2015ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு 10.30க்கு மேல் தீவு முழுக்கப் பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலோ வாரயிறுதி முழுக்கவே கூடாது. சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் கஷ்டமும் உண்மை. ஆனால் உணவகத்திலோ மதுக்கூடத்திலோ நாற்காலிக்குக் காசு கொடுக்க முடிந்தவருக்கு இந்தச் சட்டம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. புல்தரையைத் தவிர வேறு இடம் இல்லாதவரைத்தான் அது எழுப்புகிறது.

செம்பவாங்கிலும் பார்க்கிறேன். என் அப்பா வேலை பார்த்த அதே கடலோரத்தில் இன்றும் கப்பல் பட்டறை ஆட்கள் உண்டு. புதுக்கோட்டைப் பையன்கள், தஞ்சாவூர்ப் பையன்கள். ஞாயிறு மாலை திடல் ஓரத்தில் நாலைந்து பேராக உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள், கையில் ஆளுக்கொரு கேன். இத்தனை வருடமும் அவர்களைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன். அம்மாவின் சட்டம் அப்படி.

போன மாதம் மாறாமல் நடந்தேன். அதில் ஒருவர், என் மகனைவிட இளையவர், நான் வருவதைப் பார்த்ததும் கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். மேடையில் குவளையை வைத்துவிட்டு வெளியே வந்த என் அப்பாவின் முகம் அது. என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். "இனிமேதான் அக்கா. நீங்க சாப்டீங்களா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. 66 வயதுக்காரியை அக்கா என்று கூப்பிட்டதற்காகவாவது இனி அந்தப் பக்கமாகவே நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். மறுநாள் ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பாக்கெட் ஈஸ்ட்தான்.

"அப்பாவை நினைச்சுக்கிட்டேன்" என்றேன். "அந்தப் போத்தல் எப்பப் பார்த்தாலும் காலியாத்தானே வரும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னா? காலியா வந்த நாள்தான் உனக்கு ஞாபகம் இருக்கு. பாதிக்கு மேல நிறைஞ்சுதான் வந்துச்சு. இல்லைன்னா நீ எப்படி இவ்ளோ ஆப்பம் தின்னுருப்பே?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா மாவை மூடிவைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "பேரன்கிட்ட கேளு," என்றார், "அந்தக் கடையில ஆப்பம் மாதிரி ஏதாவது போடறாங்களான்னு."